திரும்பி வந்த ரின்

4.11.73, ஞாயிறு
விடியத் தொடங்கிய மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. செய்ய வேண்டியவை: ஆறாம் வகுப்புக் கொப்பிகள், குடைக்கம்பி தைத்தல், நூலகப் புத்தகம் இரண்டு (தவணை கடந்துவிட்டது).

பத்திரிகையில் என் நகைச்சுவைத் துண்டு. ‘சுக்கான்’ என்ற பெயரில் இது நாலாவது. அப்பா சத்தமாக வாசித்துச் சிரித்தார். “ஆரோ கெட்டிக்காரன்” என்றார். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கதை இவ்வளவுதான். கனகம்மா காய்ச்சல்காரிக்கு ஒரு மால்ற் ரின், கரைத்துக் குடிக்கிற சத்துமா அடைத்த தகரப்பேணி, கொண்டுபோய்க் கொடுக்கிறாள். இந்தத் தட்டுப்பாட்டில் யார் உடைப்பார்கள்? ரின் காய்ச்சல்காரியிடமிருந்து பிள்ளை பெற்றவளுக்கு, அங்கிருந்து கால் முறிந்தவருக்கு. கடைசியில் கனகம்மா சுகமில்லாமல் படுக்க, அவள் மச்சாளே அதைக் கொண்டு வருகிறாள். அடியில் கனகம்மா அடையாளத்துக்கு வைத்த அதே சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. கனகம்மா தூசி துடைத்து, அடுத்து யாருக்குச் சுகமில்லை என்று விசாரிக்கிறாள்.

பரமேஸ்வரி ரீச்சருக்கு உண்மையில் நடந்தது. மூதூர் லோஞ்சில் எனக்கும் ஜப்பார் மாஸ்ரருக்கும் அவவே சொன்னது. மூவரும் மூதூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறோம், தினமும் கடல் கடக்கிற அந்த லோஞ்சில் ஒரே வாங்கில்தான் இருப்போம். பெயரை மாற்றினேன். பொட்டை மாற்ற மறந்துவிட்டேன்.

இல்லை. மறக்கவில்லை. பொட்டுத்தான் நன்றாக இருந்தது.

5.11.73, திங்கள்
தூறல். லோஞ்சில் புடைவைக்கடைக்காரர் ஒருவர் பத்திரிகையை விரித்து எல்லோருக்கும் வாசித்தார். பொட்டு வந்ததும் ப. ரீச்சர் ஜ. மாஸ்ரரைத் திரும்பிப் பார்த்தா.

“ரெண்டு பேருக்குத்தான் சொன்னனான், மாஸ்ரர்.”

“அல்லாவே, நான் இல்ல ரீச்சர்!”

எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எதற்கெடுத்தாலும் பகிடி விடுகிற மனுசன். அவர் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

ரீச்சர் எழுந்து முன் வாங்குக்குப் போனா. “பிள்ளை, இஞ்சால வாங்கோ. அந்த ஆளோட இருக்காதீங்கோ.” மற்றவர்களுக்கு நான் மிஸ், அவவுக்கு மட்டும் எப்போதும் பிள்ளை.

போனேன். போய் இருந்தேன். இதை எழுதவே கை கூசுகிறது.

6.11.73, செவ்வாய்
மழை இல்லை. கொப்பிகள் பாதி.

ஆசிரியர் அறையில் எல்லோரும் அவரைச் ‘சுக்கான்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் மறுத்தார். பிறகு அலுத்துப்போய், “நானெண்டா இதைவிட நல்லா எழுதியிருப்பன்” என்றார்.

அது சுட்டது. அவரை மாட்டிவிட்ட வெட்கத்தைவிட அதுதான் முதலில் சுட்டது. என்ன பிறவி நான்.

ரீச்சர் வழக்கமாக அவருக்கென்று வாழையிலையில் நாலு இடியப்பம் கட்டி வருவா. இன்று அதை எனக்குத் தந்தா. தின்றேன்.

7.11.73, புதன்
மாஸ்ரருக்கு மாற்றம். சொந்த ஊர், கிண்ணியா. வெள்ளியோடு மூதூர் முடிகிறது. கேட்டு வாங்கிய மாற்றம், ஆனால் முகத்தில் சந்தோசம் இல்லை.

பிரியாவிடைத் தேநீருக்கு யார் என்ன கொண்டு வருவது என்று பட்டியல். ஒவ்வொரு முறையும் ரீச்சர்தான் போடுவா. இம்முறை, “எனக்கு வர ஏலாது, தலையிடி” என்றா. வெள்ளிக்கிழமை வரப்போகிற தலையிடி புதன்கிழமையே தெரிகிறது. வேறு நாளென்றால் இதையும் குறித்துவைத்திருப்பேன், அடுத்த துண்டுக்கு.

பாலையூற்றில் அவவின் மச்சாள் வீட்டிலும் வாசித்தாயிற்றாம். ரின்னைக் கொண்டுவந்த அதே மச்சாள். இப்போது கதைப்பதில்லையாம்.

அவர் இந்தப் பழியோடு போகக்கூடாது. நாளை சொல்ல வேண்டும்.

8.11.73, வியாழன்
காற்று. லோஞ்ச் நன்றாக ஆடியது. நேற்று முழுக்க நாலு வசனம் மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

“ரீச்சர், அதை எழுதினது நான்.”

ரீச்சர் சிரித்தா. இந்தக் கிழமை முதல்தரம்.

“நீங்களோ? உங்கட வாயால ஒரு பகிடி வந்து நான் கேட்டதில்லை, பிள்ளை. எந்நேரமும் புத்தகத்துக்குள்ள தலை. அந்த ஆள் சொல்லித்தந்ததோ?”

“இல்லை ரீச்சர், சத்தியமா நான்தான்.”

அவ சிரிப்பை நிறுத்தினா. என்னைக் கூர்ந்து பார்த்தா. குரலைத் தணித்து: “உங்களுக்குக் கலியாணம் பேசுற வயசு. அவருக்காக நீங்கள் ஏன் பழியை ஏக்கிறீங்கள்? சனம் என்ன கதைக்கும்? கவனம்.”

முதலில் அவர் மேல் பழி மட்டும் இருந்தது. இப்போது என்னோடு சேர்த்து இந்தச் சந்தேகமும்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்தேன். எவ்வளவு கெட்டித்தனமாக வைத்திருக்கிறேன்! என் கையெழுத்துப் பிரதி அலுமாரியில் இருக்கிறது, வெட்டல் திருத்தலோடு. நாளை கொண்டு போவேன்.

9.11.73, வெள்ளி
கடும் காற்று, மழை. ஜெட்டியில் கூட்டம். லோஞ்ச் ஓடாது என்று அறிவித்தார்கள். தேநீர் உபசாரமும் இல்லை. மாஸ்ரர் கூரைக்குக் கீழே தனியாக நின்றார். ரீச்சர் மறுபக்கம், நனைந்த குடையோடு. தலையிடி இல்லைப் போலும். பாடம் விடாத மனுசி.

அவர் போக முன் என்று, ரீச்சரைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். தாளை ரீச்சரிடம் கொடுத்தேன்.

நின்றபடியே வாசித்தா. ‘பொட்டு’ என்ற சொல்லை நான் மூன்று இடத்தில் எழுதிப் பார்த்து, வெட்டி, கடைசியில் ஒரு இடத்தில் வைத்திருக்கிறேன். அந்த வெட்டல்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தா.

“மாஸ்ரர், பிழையா நினைச்சுப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“அதுக்கென்ன ரீச்சர், விடுங்க. நாலு நாள் பெரிய எழுத்தாளனா இருந்தன்.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிற குரல்.

“ரீச்சர் அந்த ரின்னை உடைச்சு, முழுக்கக் கரைச்சு, பிளாஸ்கில கொண்டுவந்து லோஞ்சில எங்க ரெண்டு பேருக்கும் ஊத்தித் தந்தாவே. நீங்க ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சீங்க. அதை ஏன் எழுதல்ல?”

“அதை எழுதினா... சிரிப்பு வராது எண்டு.”

ரீச்சர் தாளை நாலாக மடித்தா. ஈரம் படாமல் என் பைக்குள் தானே வைத்தா.

“பத்திரமா வச்சுக்கொள்ளுங்கோ, மிஸ்” என்றா.