சூளை நோட்டில் விழுந்த வெட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

கொல்கத்தாவுல நான் சுகம். அம்மாவோட முட்டிவலி தேவலையா?

மணிக்கொரு தடவை சூட்டை எழுதி வைப்பீங்களே, நீங்க குடுத்தனுப்புன அந்தச் சூளை நோட்டை என் புள்ளியியல் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிட்டேன். நாப்பது நாள் சூட்டையும் பத்தவச்ச நேரத்துலேர்ந்து மணிவாரியா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு அடுக்குனேன். முன்னாடி வர்ற எண்ணுக்கும் பின்னாடி வர்றதுக்கும் எங்க சம்பந்தமே இல்லையோ, அங்க வெட்டுறதுதான் எங்க கணக்கு. சூளை எட்டு மணி நேரம் எரிஞ்ச இடத்துல கணக்கு வெட்டிடுச்சு. சார் பாராட்டுனாரு. நான் நோட்டை மறுபடி எடுத்துப் பாத்தேன். எரியிற சூளையில ஒரு மணி சூட்டை ஒட்டித்தானே அடுத்த மணி சூடு வரும், அப்படி அறுந்து போகாதேப்பா. அந்த எட்டு மணி வரைக்கும் முதல் ஷிப்டு பாக்குற கோவிந்தராசு மாமா எழுதுனது. அப்புறம் உங்க கையெழுத்து.

சூடு காட்டுற மீட்டர் முள்ளு கண்ணுக்குத் தெரியலையா? உத்தேசமா எழுதுறீங்களா? சூடு எகிறுனா பக்கத்துல நிக்கிறது நீங்கதான். திங்கக்கிழமையே கண் டாக்டரைப் பாருங்க. எலுமிச்சை ஊறுகா அனுப்புங்க, இங்க சோறு எறங்கலை.

இதை அம்மாவைப் படிக்கச் சொல்லாதீங்க. நீங்களே படிக்கணும்னுதான் எழுத்தை இவ்வளவு பெருசா போட்டிருக்கேன்.

வேல்விழி