உட்காரச் சொன்னவர்

18-1-1981, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அப்பாவின் சிவப்புப் போலீஸ் தொப்பியைத் துடைத்து வெயிலில் வைத்தேன். ஞாயிறுதோறும் இது என் வேலை. பக்கத்தில் ஒரு புதுத் தடி சாத்தியிருந்தது. பழைய தடி அப்பாவின் இடுப்புக்கு வரும். அதைக் கொண்டுதான் அம்மா உயரக் கொடியில் துணி மாட்டுவாள். இது என் தோள் உயரம், நுனியில் பூண் வேறு. ஏட்டு, காவலர் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்களாம். அடுத்து ஹெல்மெட்டும் பிரம்புக் கேடயமும் வருமாம்.

"எந்த தேசத்து மேல படையெடுக்கறீங்க?" என்றாள் அம்மா.

"குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்" என்றார் அப்பா. தடியைக் கதவுக்குப் பின்னால் நகர்த்தினார். அங்கே நிற்கவில்லை, சரிந்து விழுந்தது.

20-1-1981

பள்ளியில் மதியச் சாப்பாட்டின்போது என் தோழி பூவாயி சொன்னாள்: அவள் ஊர் குரும்பகரத்தில் கூலித் தகராறு, அறுப்பு நின்றுவிட்டது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறார். இவர்கள் தடுப்பார்கள். முன்னால் நிற்பது அவள் அப்பா தங்கையன்.

பயமாயில்லையா என்று கேட்டேன்.

"என்னடி பயம்? உங்கப்பாதானே வரப்போறாரு. வரப்புல நின்னு தடியால தரையில ரெண்டு தட்டு. 'உக்காருங்கப்பா எல்லாரும்'னு ஒரு சத்தம். எங்காளுங்க உக்காருவாங்க. அவரும் தொப்பியக் கழட்டி முழங்கால்ல மாட்டிக்கிட்டு உக்காருவாரு. அப்பறம் வெத்தல பாக்கு, பேச்சு."

அப்பாவின் குரலை அவள் அப்படியே செய்துகாட்டினாள். வகுப்பே சிரித்தது. எனக்குக் கொஞ்சம் கோபம், கொஞ்சம் பெருமை.

மாலையில் அப்பாவிடம் கேட்டேன். "உக்காந்தவன் கை ஓங்கமாட்டான். உக்காந்தவன அடிக்கவும் மனசு வராது. இந்த ஊரு போலீசுக்கு அவ்வளவுதான் வித்தை" என்றார்.

23-1-1981

பூவாயி பள்ளிக்கு வரவில்லை. இருட்டிவிட்டது, அப்பாவும் வரவில்லை.

24-1-1981

நேற்று நடந்ததைப் பக்கத்து வீட்டுக் காவலர் பாலகுரு மாமா அம்மாவிடம் சொன்னார். அப்பா நடுராத்திரிதான் வந்தார். சட்டையோடு படுத்தவர் காலையில்தான் எழுந்தார்.

புது இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேனில் வந்த படையும் வெளியூர்ப் பையன்கள்தான். அப்பா வழக்கம்போல வரப்பில் தட்டி உட்காரச் சொன்னார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெண்கள்கூட. தொப்பியைக் கழற்ற அப்பா கையைத் தூக்கினார். அதற்குள் இன்ஸ்பெக்டர், "மறியல் பண்றானுங்க, கிளப்பு" என்றுவிட்டார்.

அவர் வேலை பார்த்த இடங்களில் வழியில் உட்கார்ந்தால் மறியலாம். எங்கள் பக்கம் உட்கார்ந்தால் பேசத் தயார் என்று பொருள். இதை அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?

"நீங்க சொல்லலியாப்பா?" என்று கேட்டேவிட்டேன்.

"சொல்ல வாயெடுத்தேன். விசில் ஊதியாச்சு."

தங்கையன் தலையைக் காக்கக் கையை உயர்த்தியிருக்கிறார். அந்தக் கை உடைந்துவிட்டது. வலது கை.

26-1-1981

குடியரசு தினம். அணிவகுப்பில் அப்பா புதுத் தடியோடு நடந்தார். நான் கைதட்டவில்லை. தட்டாமல் இருந்ததும் சங்கடமாக இருந்தது.

நூலகத்தில் செய்தித்தாள் பார்த்தேன். 'லேசான தடியடி நடத்திக் கூட்டம் கலைக்கப்பட்டது.' எலும்பு முறிந்தால் லேசா? இதை எடை போட்டவர் யார்?

போலீஸ் ஏன் இப்போது இப்படி அடிக்கிறது என்று வடிவாம்பாள் டீச்சரிடம் கேட்டேன். ஜனங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு, அதனால்தான் என்றார். பாலகுரு மாமாவோ தலைகீழாகச் சொல்கிறார்: "பயம் எங்களுக்குத்தான் பாப்பா. அந்தப் பசங்களுக்குக் கூட்டத்துல ஒரு மூஞ்சி தெரியாது. ஹெல்மெட்ட மாட்டிட்டா காதும் கேக்காது. பயந்தவன் அடிதான் பலமா விழும்."

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவாகவே பேசினார். "முன்ன சண்டை வந்தா அனுப்பறப்ப, யார் யாரு, என்ன விஷயம்னு கேப்பாங்க. இப்ப எத்தனை பேரு, எவ்வளவு நேரத்துல கலைப்பேன்னு கேக்கறாங்க." பிறகு மோர் கேட்டார். மூன்று பேர் சொன்னதும் உண்மைபோல்தான் தெரிகிறது. எதுவும் அந்தக் கைக்குப் போதவில்லை.

1-2-1981

குரும்பகரம் போனேன். தங்கையன் கையில் கட்டோடு கயிற்றுக்கட்டிலில் இருந்தார். "ஏட்டய்யா பொண்ணா? வா தாயி" என்றார். அதுதான் தாங்கவில்லை.

பூவாயி வாசல்வரை வந்தாள்.

"வேற யாரும் சொல்லியிருந்தா எங்காளுங்க ஓடியிருப்பாங்கடி. உங்கப்பா சொன்னாருன்னுதான் உக்காந்தாங்க."

பள்ளிக்கு எப்போது வருவாய் என்று கேட்டேன். "பஸ் வந்துடும், போ" என்றாள்.

8-2-1981

புதன்கிழமை விசாரணை. மேலதிகாரி வருகிறார். கூட்டத்திலிருந்துதான் முதலில் கல் வந்தது என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டுமாம்.

பாலகுரு மாமா வந்தார். "ஒரே ஒரு கல்லுண்ணே. யாரு எறிஞ்சான்னுகூடச் சொல்லவேணாம். நாங்கள்லாம் சொல்றதா முடிவாயிடுச்சு."

"அங்க வயல்ல கல்லே கெடையாதேப்பா. சேறுதான்."

"அப்ப ஏனாம்தான். ஜெயமேரி, தெலுங்கு படிச்சுக்கறியா?" என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஏனாமும் எங்கள் யூனியன் பிரதேசத்து ஊர்தான், ஆனால் ஆந்திராவுக்குள் கிடக்கிறது. வேண்டாதவர்களை அங்கேதான் அனுப்புவார்கள்.

அவர் போனபிறகு அம்மா சொன்னாள்: "பொண்ணுக்கு மார்ச்சுல பரீட்சைங்க. எனக்கு மூச்சு முட்டு. ஒரு கல்லுதானே."

வெட்கத்தோடு ஒன்று எழுத வேண்டியிருக்கிறது: நானும் ஒரு நிமிடம் அந்தக் கல்லை விரும்பினேன்.

11-2-1981

விசாரணையில் அப்பா கல் வரவில்லை என்று சொல்லிவிட்டார். "நான் உக்காரச் சொன்னேன். உக்காந்தாங்க. உக்காந்தவங்களத்தான் அடிச்சோம்." அடிச்சாங்க என்று சொல்லவில்லையாம், அடிச்சோம் என்றாராம். பாலகுரு மாமா இதை அம்மாவிடம் குறை சொல்வதுபோல் சொன்னார். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

நேர்மை வீட்டுக்குள் வந்தால் விளக்கேற்றினதுபோல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அம்மா ரசம் வைத்தாள். சாப்பிட்டோம்.

2-3-1981

ஏனாம். உத்தரவு வந்துவிட்டது. நானும் அம்மாவும் இங்கேயே. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சர்ச் தெருவில் ஓர் அறை பார்த்திருக்கிறோம். தங்கையனுக்கு எலும்பு கூடியும் கை மடங்கவில்லையாம். விசாரணை அறிக்கை பற்றிப் பேச்சே இல்லை. இன்ஸ்பெக்டர் இங்கேதான் இருக்கிறார்.

19-6-1981

தேறிவிட்டேன். பூவாயி பரீட்சைக்கே வரவில்லை. தங்கையனுக்குப் பதிலாக அவள்தான் வயல் வேலைக்குப் போகிறாள்.

17-1-1982, ஞாயிறு

அப்பா பொங்கல் விடுப்பில் வந்திருக்கிறார். இளைத்துவிட்டார். அங்கே யாரையும் தெரியாது, பாஷையும் வரவில்லை, அதனால் தடியை எடுக்கச் சொன்னால் எவ்வளவு பலமாக அடிப்பேனோ தெரியவில்லை என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

பாலகுரு மாமா பார்க்க வந்தார். இப்போது அவர்தான் ஏட்டு. முந்தாநாள் குரும்பகரத்தில் மறுபடியும் தகராறு.

"உங்கள மாதிரியே தட்டினேண்ணே. உங்கள மாதிரியே சத்தம் போட்டேன்."

"உக்காந்தாங்களா?"

"எங்க? ஒருத்தர் உக்காரல. இடுப்புல அருவா வேற. எங்க பசங்க அதப் பாத்துட்டுக் கேடயத்தத் தூக்கிட்டானுவ. அப்பறம் என்ன."

மாலையில் பூவாயி வந்தாள், தனியாக எழுதிப் பார்க்கலாமென்று போன வருஷம் வாங்கிப்போன என் பாடப்புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க. நெற்றியில் பிளாஸ்திரி. கைகள் கறுத்துக் காய்ப்பேறியிருந்தன. அப்பா உட்கார்ந்தபடியே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா."

"இருக்கட்டுங்க ஏட்டய்யா" என்றாள். கோபமாக இல்லை. பழகிப்போன குரல்.

அப்பா ஒரு நிமிடம் அந்த நாற்காலியையே பார்த்தார். பிறகு அவரும் எழுந்து நின்றார். தங்கையனின் கை, ஊர்ப்பேச்சு, அம்மாவின் மூச்சு முட்டு — அவள் போகும்வரை நாங்கள் நின்றுகொண்டுதான் பேசினோம்.