அல்சூர் வீடும் பிடதி லாட்ஜும்

12 மே 2006, வெள்ளி

நல்லது நினைத்துத்தான் செய்தேன். நாளை சாயங்காலம் வேலூரிலிருந்து அக்காவும் மாமாவும் இரண்டு பிள்ளைகளோடு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் பிடதி பக்கத்து தீம் பார்க்குக்குப் போகிறோம். பெங்களூர் அல்சூரில் எங்களுக்கு இருப்பது ஒரே படுக்கையறை. இங்கிருந்து கிளம்பினால் டிராஃபிக்கிலேயே பாதி நாள் போய்விடும். அதனால் பார்க் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அவர்களுக்கு ரூம் சொல்லி வைத்தேன்.

இன்று போனில் சொன்னதும் அக்கா பொரிந்து தள்ளிவிட்டாள். "தம்பி வீடு இருக்கும்போது லாட்ஜா? என் மாமியார் கேட்டா என்னடா சொல்றது?" மாமா முகத்தில் இனி எப்படி முழிப்பது?

என் பெண்டாட்டி சுமதிதான் போனைப் பிடுங்கினாள். "அண்ணி, நாங்களும் பிள்ளைங்களோட அங்கதான் வந்து தங்கப்போறோம். சாப்பாடு நான் கட்டி எடுத்துட்டு வரேன்."

அக்கா அந்த நிமிஷமே குளிர்ந்துவிட்டாள். "அப்போ சரி. இன்னொரு ரூமெல்லாம் போடாதீங்க. பாய் எடுத்துட்டு வாங்க, ஒண்ணா படுத்துக்கலாம்."

வீட்டில் இடம் போதாதென்று போட்ட ரூமில் இப்போது எட்டுப் பேர். நாலு பாயும் புளிசாதத் தூக்கும் லாட்ஜ் கவுன்டரை எப்படித் தாண்டும் என்று தெரியவில்லை. சுமதி பாய்களை இப்போதே சுருட்டி வாசலில் சாத்திவிட்டாள்.

போனை வைக்குமுன் அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "சுவரோரம் எனக்குடா. சின்ன வயசுல மாதிரி முன்னாடியே போய்ப் படுத்துக்காதே."

படுத்துக்கொள்ளத்தான் போகிறேன்.