டைலருக்கு ஓர் அர்ச்சனை

கண்ணா,

சனிக்கிழமை உன் காலேஜ் ஃபுட்பால் ஆட்டத்தில் நீ தடுத்து வீழ்த்திய எதிரணி டைலர் இன்னும் அங்கே டெக்சாஸ் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான் என்று அப்பா சொன்னார். டிஃபென்ஸில் நிற்பவனுக்கு ஆளைத் தடுத்து வீழ்த்துவதுதானே வேலை, உன் மேல் தப்பில்லை என்று கோச்சும் சொன்னாராம். ஆனாலும் நீ போனை எடுப்பதில்லை.

நேற்று இங்கே நம் நியூ ஜெர்சி கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன்.

"டைலரா? நட்சத்திரம் என்னம்மா?" என்று குருக்கள் சிரித்தார்.

எனக்கு எப்படித் தெரியும்? உன்னுடையதையே சொன்னேன். "அனுஷம்."

"அது உங்க பையனோடதாச்சே!"

"இவனும் ஒருத்தி பெத்த பையன்தானே சாமி, பண்ணுங்க."

ஆட்டத்தை விடுவதா வேண்டாமா என்று பிறகு யோசி. இத்துடன் திருநீறு இரண்டு பொட்டலம் இருக்கிறது. ஒன்று உனக்கு. மற்றதை அவன் அம்மாவிடம் நீயே கொண்டுபோய்க் கொடு. பேச்சு வராவிட்டால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு.

உன் அம்மா