சுமைதாங்கிக் கல்லில் செல்லையா

தை 3, 1956

இன்று குரங்கணியில் ஏலக்காய் மூட்டை ஓட்டப் பந்தயம். செல்லையாதான் முதலில் வந்தான். லாரி கவிழ்ந்து இடது கையை இழந்தவன், கடைசி ஏற்றத்தில் என்னை முந்திவிட்டான்.

ஓடி முடித்ததும் தலைச்சுமையை இரண்டு கையாலும் பிடித்துச் சுமைதாங்கிக் கல்லில் இறக்க வேண்டும். காய் உடையக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம். செல்லையா கல்லில் மார்பைச் சாய்த்து, கழுத்தாலும் ஒற்றைக் கையாலும் மூட்டையை மெதுவாக நகர்த்தி வைத்தான்.

பந்தயம் நடத்திய கங்காணி மறுப்பாகத் தலையை ஆட்டினார். "ரெண்டு கையும் படலயேப்பா. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

செல்லையா என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு மாப்ளே. ஒரு காயாச்சும் ஒடஞ்சிச்சா?"

நான் என் மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கல்லில் இறக்கினேன்.

"சரி, அடுத்த வருசமும் ஓடுவேன். கல்லு இங்கனதான இருக்கும்" என்றான். அடுத்து வந்தவனின் மூட்டையை இறக்கக் கைகொடுக்கப் போனான்.

முதல் பரிசு வேட்டி மடிப்புக் கலையாமல் என் பெட்டிமேல் கிடக்கிறது. எனக்கு அழுகையும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. கங்காணி வேட்டியைக் கொடுத்தபோது, மரியாதைக்காக இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்கினேன்.