நவம்பர் மாதத்துப் பக்கம்

அபிராமபுரம், சென்னை
10.8.1999

அன்புள்ள மாமாவுக்கு,

சக்திவேல் எழுதுவது. நான் நலம் என்று எழுத வரவில்லை. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். நீங்களும் அத்தையும் உங்களிடம் இருக்கும் என் குழந்தை பூஜாவும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் மூன்றாவது கடிதமும் வந்தது. "மாப்ள, ஆசுபத்திரில யாரு தப்புன்னு பேர மட்டும் எழுதுங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் வேலை இல்லை.

உங்கள் மகள் சரோஜா கையில் குத்தியது ஒரு நோயாளிக்குப் போட்ட ஊசி. அதில்தான் காமாலை தொற்றி, பிப்ரவரியில் அவளை மயிலாப்பூர் மயானத்துக்குக் கொண்டுபோனோம். இதுவரை உங்களுக்குத் தெரியும்.

போட்ட ஊசியை வார்டிலேயே மெஷினில் வெட்டிவிட்டுத்தான் குப்பைப் பையில் சேர்க்க வேண்டும். போன வருடம் சட்டமே வந்தது. மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் நான். தினமும் சோதித்து, ரிஜிஸ்டரில் 'இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் மாதம் பிறந்ததும் முப்பது நாளுக்கும் ஒரே மூச்சில் போட்டுவிடுவேன்.

நவம்பர் ஒன்பதாம் தேதி சரோஜா நர்ஸாக இருந்த வார்டில் மெஷினின் மோட்டார் எரிந்துவிட்டது. அதைச் சொன்னால் முன்கூட்டியே போட்ட கையெழுத்துகளை அடிக்க வேண்டும். அடித்தால் ஆஸ்பத்திரியின் லைசென்ஸ் ஃபைலில் கேள்வி வரும். வெளியே கடையில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஆயா வேலம்மா கேட்டாள்: "இன்னா சார், மெஷினே இங்க இல்ல, நோட்டுல மட்டும் ஓடிக்கினு கீது?" நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற சரோஜாவும் சிரித்தாள்.

பதினேழாம் தேதி வேலம்மா லீவு. மெஷின் அப்போதும் கடையில்தான். வெட்டாத ஊசிகள் இருந்த பையைக் கட்டியது சரோஜா. சாயங்காலம் வீட்டில் விரலைக் காட்டினாள், டெட்டால் போட்டுவிட்டேன். மெஷினைப் பற்றி அவள் கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாளை மறுநாள் அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள். மெஷின் ஒரு நாளும் நிற்கவில்லை என்று ஒரு உறுதிக் கடிதம் டைப் அடித்து வைத்திருக்கிறார், எங்கள் பெரிய டாக்டர் சுந்தரராமன். "போட்டுடுப்பா. நீ எழுதினதத்தானே சொல்லப்போறே? போனவ திரும்பியா வரப்போறா?" என்றார். பேனாவைத் திறந்தும் கொடுத்தார். நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

போடப் போவதில்லை. நவம்பர் பக்கத்தையும் ரிப்பேர் கடைச் சீட்டையும் வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். வேலை போகும். கேஸும் வரலாம். ஊரார் சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது. நீங்கள் கேட்ட பேர் என் பேர்தான் மாமா.

அத்தையிடம் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அடுத்த மாதம் பூஜாவை இங்கே கூட்டி வருவதாக எழுதியிருந்தீர்கள். எழும்பூர் ஸ்டேஷனுக்கு நான் வரலாமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அவளுக்குக் காமாலைத் தடுப்பூசி மூன்றாவது தடவை போட வேண்டியது இந்த மாதம் பதினெட்டாம் தேதி. நீங்கள் கூடப் போங்கள். கவரைக் கிழித்துப் புது ஊசி எடுப்பதைக் கண்ணால் பாருங்கள். போட்ட பிறகு அந்த ஊசியை என்ன செய்கிறார்கள் என்றும் நின்று பாருங்கள். எல்லாம் நோட்டில் எழுதியிருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இப்படிக்கு,
சக்திவேல்