சரோஜா அக்கா பேசியதும் நான் அடித்ததும்

ஜூன் 10, செவ்வாய்

கத்திரி முடிந்தும் வெயில் குறைந்த பாடில்லை. காலை ஏழுக்கே மணலி புதுநகரிலிருந்து கிளம்பி அத்திப்பட்டு. கல்யாண மண்டபம். ஒரு கம்பெனியின் புதிய நிலக்கரிக் கிடங்கு வருவது பற்றி எங்கள் ஆபீஸ் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம். என் வேலை: ஜனங்கள் பேசுவதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் மினிட்ஸாக அடிப்பது, முடிவில் அதை மைக்கில் வாசித்துக் காட்டுவது. அதுதான் முறை.

பதினோராவது ஆளாக மைக்கைப் பிடித்தது சரோஜா அக்கா. கொருக்குப்பேட்டையில் முன்பு எங்கள் பக்கத்து வீடு. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு போட்டவர். கட்டிக்கொடுத்தது இந்த ஊரில்தான் என்பதே எனக்கு மறந்திருந்தது. அவர் என்னை மறக்கவில்லை.

"அட, நம்ம விஜி! டைப் அடிக்கிறது நம்ம வூட்டுப் பொண்ணுதாம்பா. ஒரு எழுத்து வுடாது."

பிறகு பேசினார். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன், இங்கேயாவது:

"கட்சி மாறுது. கலெக்டர் மாறுறாரு. முடிவு எடுக்கறவன் மட்டும் மாறவே மாட்டறான். அவன் எலக்சன்ல நிக்கவும் மாட்டான், தோக்கவும் மாட்டான். அவங்களுக்கு ஒரு பேரு கீதாம், எஸ்டாப்ளிஷ்மென்ட்டுன்னு வக்கீலு சொன்னாரு. அந்த எஸ்டாப்ளிஷ்மென்ட்டு ஒரு நாளு எங்க மொட்டமாடில அவன் வெள்ளச் சட்டைய காயப்போடட்டும். சாயங்காலம் எடுத்து மாட்டிகினு வூட்டுக்குப் போவட்டும். அப்பால கிடங்கு கட்டட்டும்."

விசில், கைதட்டல். எங்கள் மேனேஜர் சுந்தர் சார் என் காதருகே குனிந்து, "அந்த வார்த்தையெல்லாம் வேணாம் விஜி. பொதுவா போடுங்க" என்றார்.

போட்டேன். "நிலக்கரித் தூசி தொடர்பாகச் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொண்டார்." ஒரே வரி.

மா. 4.30. தண்ணி லாரி வந்துவிட்டதென்று யாருக்கோ போன். பெண்கள் எல்லாம் குடத்துக்கு ஓட்டம். அக்காவும். போகும்போது, "நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும்" என்று மினிட்ஸில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போனார். காலி நாற்காலிகளுக்கு முன்னால் வாசித்தேன். தப்பு என்று சொல்ல ஆள் இல்லை.

வாங்க: பூண்டு, சோப்பு. கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூன் 11, புதன்

ராயபுரம் ஆபீஸ். மூட்டம், மழை இல்லை. இங்கிலீஷ் பிரதி சரிபார்த்தேன். அதிலும் ஒரே வரி. அக்கா பேச்சில் மொழிபெயர்க்கவே தேவையில்லாத வார்த்தை எஸ்டாப்ளிஷ்மென்ட். அதைத்தான் எடுத்திருக்கிறேன்.

தமிழில் என்ன போட்டிருக்கலாம்:
ஆளும் வர்க்கம் - மேடைப் பேச்சு மாதிரி.
அதிகார வர்க்கம் - ஆபீஸர்களோடு நின்றுவிடும்.
மேல்தட்டு - பணக்காரர் என்று மட்டும் ஆகிவிடும்.
ஒன்றும் சரிவரவில்லை. சரிவந்திருந்தாலும் போட்டிருக்கப் போவதில்லை, எதற்கு இந்த ஆராய்ச்சி?

மதியம் சாப்பாட்டில் ரஹ்மத் பாயிடம் அந்த வார்த்தையைப் பற்றிக் கேட்டேன். பக்கத்து சீட், வண்ணாரப்பேட்டைக்காரர். அவர் மாமனார் போனில் பாகிஸ்தான் உருது நியூஸ் ஓடிக்கொண்டே இருக்குமாம்.

"அதுலயும் இதே வார்த்த தாம்மா, எஸ்டாப்ளிஷ்மென்ட். அங்க சொன்னா மிலிட்டரின்னு அர்த்தம். பேர் சொல்ல பயம், அதான் இங்கிலீஷ்ல சொல்லிக்கறாங்க. இன்னா திடீர்னு?"

"டிவில கேட்டேன் பாய்."

பொய். அங்கே பெயர் தெரிந்தும் பயந்து சொல்கிறார்கள். அக்காவுக்குப் பெயர் தெரியாது, பயமும் இல்லை. பயம் எனக்குத்தான். பர்மனென்ட் ஆக்கும் லிஸ்டில் என் பெயர் மேலிடத்துக்குப் போயிருக்கிறது.

சுந்தர் சார் மேல் பழி போட முடியாது. அவர் ஒரு தடவைதான் சொன்னார். நான் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

தலைவலி. எழுத ஒன்றும் இல்லை. ஞாயிறு அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

போனேன். வாழைப்பழம், பிஸ்கட். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.

"இன்னாடி இப்டி எளைச்சிட்ட? ஒக்காரு, மீன் கொழம்பு கீது."

சாப்பிட்டு முடிக்கும் வரை சொல்லவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அக்கா டிவிக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மினிட்ஸ் நகல்.

"எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு அரை நாளு ஆவும். நீ அடிச்சத நீயே படி. இவுளுங்களும் கேக்கட்டும்."

தாளில் அக்கா பெயருக்கு நேரே ஒரு வரி. என் வாய் முழுவதையும் படித்தது. எலக்சன், எஸ்டாப்ளிஷ்மென்ட், மொட்டைமாடி, வெள்ளைச் சட்டை. ஒன்றுகூட விடவில்லை.

அக்காவுக்கு வாயெல்லாம் பல். "அப்டியே கீதே!"

ஒரு பெண் தாளை எட்டிப் பார்த்து, "இத்தினிக்கோண்டு எடத்துல அம்மாம் பேச்சா?" என்றாள்.

"கம்ப்யூட்டர்ல சுருக்கி அடிப்பாங்கடி. இல்ல விஜி?"

ஆமாம் என்றேன். சிரிக்கவும் சிரித்தேன். தூ.

"நாளிக்கு பொன்னேரி போறேன், வக்கீலாண்ட இத குடுக்க. நாம பேசுனது ரெக்கார்டுல இருந்தா கிடங்கு கேசு நிக்கும்னாரு. உன்னாலதான்டி நிக்கப் போவுது."

இரண்டு மணி நேரம் இருந்தேன். சொல்லவில்லை. மீதிக் குழம்பை டப்பாவில் போட்டுக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். ஆபீஸில் பிரிண்டர் ரிப்பேர். 11.40க்கு அக்கா போன். மாடிப்படிக்குப் போய் எடுத்தேன்.

"விஜி, இந்த வக்கீலுக்குத் தமிழே படிக்க வரல. ஒரே வரிதான் கீதுன்னு சாதிக்கிறாரு. நம்ம வூட்டுப் பொண்ணே படிச்சிக் காட்டுச்சி, நீ கம்பெனிக்காரனாண்ட துட்டு வாங்கிகினு பேசறியான்னு அவரையே கேட்டுட்டேன். ஸ்பீக்கர்ல போட்டுகீறேன். நீயே சொல்லு அவராண்ட."

சொன்னேன். "சார் படிச்சதுதான் சரிக்கா. தாள்ல ஒரு வரிதான் இருக்கு. நேத்து நான் படிச்சது நீங்க பேசினது. அதை நான் அடிக்கல."



பிறகு வக்கீல், மரியாதையாகவே: "அன்னிக்கு இவங்க பேசினது இதுதான், மினிட்ஸ்ல மாத்தி அடிச்சோம்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களாம்மா? வேற வழி இல்ல."

'தர்றேன்' என்பது வாய் வரைக்கும் வந்தது. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன்.

அக்காவின் குரல், என்னிடம் இல்லை, அவரிடம்: "வுடுங்க சார். வேலைக்குப் போற பொண்ணு. நான் உங்கள தப்பா பேசிட்டேன், மன்னிச்சிக்கங்க."

போன் கட்.